டெஸ்மண்ட் போடாத கையெழுத்து

"மூணாவது தடவையா வர்றேன் டெஸ். கடற்கரைத் திடலை அந்த அடுக்குமாடிக்காரனுக்கு விக்கக் கூடாதுன்னு ஊரே கையெழுத்துப் போட்டாச்சு. உன் நாய்க்குப் பேனா பிடிக்கத் தெரிஞ்சா அதுவும் போட்டிருக்கும்!"

நகரமன்ற உறுப்பினரான டெஸ்மண்ட், பெவர்லி நீட்டிய மனுவைத் தொடவில்லை.

"என்னால முடியாது பெவ். கிளைவ்கிட்டயும் நோரீன்கிட்டயும்கூட கொண்டு போகாத. மன்றத்துல இருக்கிறவங்களை விட்டுடு."

"ஏனாம்?"

"ஓட்டெடுப்பு முடியிற வரைக்கும் அதைப் பத்தி நான் வாயத் திறக்கக் கூடாது."

"வாயை மூடிக்க எவ்வளவு வாங்கின?" என்று சுருக்கென்று கேட்டுவிட்டு அவள் வெளியேறினாள். பொதுச்சொத்தைக் காக்க வேண்டியவரே, அதுவும் முப்பதாண்டு அண்டை வீட்டாரே விலைபோனதை அவளால் பொறுக்க இயலவில்லை.

நேராகக் கிளைவிடமும் நோரீனிடமும் சென்றாள். இருவரும் மகிழ்ச்சியுடன் கையெழுத்திட்டனர். ஐவர் கொண்ட மன்றத்தில் இருவர் கட்டட முதலாளியின் பக்கம். இருவர் இப்போது ஊரின் பக்கம். எஞ்சியவர் டெஸ்மண்ட். ஊரார் முன்னிலையில் வெட்கப்பட்டாவது அவர் திருந்தட்டும் என்று எண்ணிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் செயலாளர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கிளைவ், நோரீன், ரெண்டு பேரும் வெளியே போயிடுங்க. விவாதத்துக்கு முன்னாடியே ஒரு பக்கம் கையெழுத்துப் போட்ட உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது. அதுதான் விதி."

அவர்களுக்குப் பின்னால் கதவு மூடியது.

"விக்கலாம்னு சொல்றவங்க?"

இரண்டு கைகள் உயர்ந்தன.

"கூடாதுன்னு சொல்றவங்க?"

டெஸ்மண்ட் கையை உயர்த்தினார். உயர்த்துவதற்கு அங்கே வேறு கை இல்லை.