சனிக்கிழமை மட்டும் விழுகிறவன்

"அடுத்த வாரத்துலேர்ந்து ஓக்கோவை ஐஸ் ஹாக்கி குரூப்புல போட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள் பயிற்சியாளர் தெய்யா.

மர்யுத்துக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. அப்போதுதான் அவளுடைய ஆறு வயது மகன் ஓக்கோ ஸ்கேட்டிங் மைதானத்து ஐஸில் தொப்பென்று உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அது ஒன்பதாவது தடவை.

"யாரை, இவனையா? நிக்கவே தெரியாதவனுக்கு ஹாக்கியா?"

"நிக்கத் தெரியாதா? செவ்வாய்க்கிழமை பாலர் பள்ளியிலேர்ந்து இங்க வர்ற பிள்ளைங்கள்லயே இவன்தான் வேகம். பின்பக்கமாக்கூடப் போறான்."

"அது வேற ஓக்கோவா இருக்கும்."

"அந்தப் பள்ளியில இருக்கிறது ஒரே ஓக்கோதான், மர்யுத். சனிக்கிழமை மட்டும் ஏன் இப்படி ஆயிடறான்னு எனக்கும்தான் புரியலை."

லியெக்சா ஊரில் சனிக்கிழமை ஸ்கேட்டிங் வகுப்பு சின்னப் பிள்ளைகளுக்கானது. அப்பாவோ அம்மாவோ ஸ்கேட்டிங் ஷூ மாட்டிக்கொண்டு ஐஸில் இறங்கி, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரளவு தேறிய பிள்ளைகள் மைதானத்தின் அந்தப் பாதியில் மட்டையும் வட்டுமாகத் தனியாக ஹாக்கி விளையாடுவார்கள். ஓக்கோவின் கண் எப்போதும் அந்தப் பக்கம்தான். காலோ இந்தப் பக்கம் நாலடி வைப்பதற்குள் வழுக்கிவிடும்.

அவன் விழுந்தால் மர்யுத்தும் சேர்ந்து விழுவாள். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவர்களிடம், "இழுத்துத் தள்ளிட்டான், பாருங்க" என்பாள்.

வீட்டுக்கு வந்து கணவன் இல்போவிடம் சொன்னாள். அவன் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே யோசித்தான்.

"உன் கையைப் பிடிச்சுக்கணும்னு ஆசையா இருக்குமோ என்னவோ. ஹாக்கிக்குப் போயிட்டா நீ வெளியிலதானே நிப்ப?"

மர்யுத்துக்கு அது பிடித்திருந்தது. ஞாயிறு முழுக்க அதையே நம்பினாள். திங்கட்கிழமை சந்தேகம் வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொள்ள ஆசை என்றால், பிடித்த பிறகும் ஏன் விழ வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலை வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். ஐஸைச் சமப்படுத்தும் வண்டியை நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

பச்சை ஹெல்மெட். அவனேதான்.

மட்டையால் வட்டைத் தள்ளிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து, வளைந்து, வலைக்குள் அடித்துவிட்டான். அதோடு நிற்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒரு குட்டிப் பெண்ணிடம் வழுக்கிக்கொண்டே போய், கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

பெருமைப்படத்தான் வேண்டும், ஆனால் வந்தது ஆத்திரம். ஆறு சனிக்கிழமை. அவள் கைகால் எல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. வேண்டுமென்றேதான் செய்திருக்கிறானா?

சாயந்திரம் அவனைக் கூட்டி வந்ததும் வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னைக்கு உன்னைப் பாத்தேன். கோல் போட்டதைப் பாத்தேன்."

ஓக்கோ பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான்.

"நான் கேக்கறேன்ல. இவ்வளவு நல்லா ஸ்கேட்டிங் பண்ற, சனிக்கிழமை மட்டும் எதுக்குடா விழுற?"

"சும்மா."

"சும்மா யாராவது விழுவாங்களா? உனக்கு ஹாக்கி குரூப்புக்குப் போகப் பிடிக்கலையா?"

"பிடிக்குமே." அவன் குரல் இறங்கிவிட்டது. "ரொம்பப் பிடிக்கும்."

"அப்புறம் என்ன? அம்மாவை எல்லார் முன்னாலயும் அசிங்கப்படுத்தணுமா?"

"இல்லம்மா." பையன் ஒரு பூட்ஸோடு உட்கார்ந்துவிட்டான். "முதல் சனிக்கிழமை நீதான் விழுந்த. என் கையைப் பிடிச்சிருந்தியா, அதனால நானும் விழுந்துட்டேன். என்கூட வகுப்புக்கு வர்ற வேத்தியோட அப்பா சிரிச்சாரு. நான்தான் இழுத்துத் தள்ளினேன்னு நீ அவர்கிட்ட சொன்ன."

மர்யுத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

பள்ளிக்கூட நாட்களில் ஸ்கேட்டிங் வகுப்பு வந்தால் போதும், அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். ஒரு தடவை ஷூ தொலைந்துபோனது, அவளேதான் தொலைத்தாள். நடக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஸ்கேட்டிங் தெரிந்த இந்த ஊரில், தனக்கு மட்டும் தெரியாது என்பதை இல்போவிடம்கூட அவள் சொன்னதில்லை. 'பழக்கம் விட்டுப்போச்சு' என்றே பத்து வருடம் ஓட்டியிருக்கிறாள்.

"அன்னைக்கே, 'நான் தள்ளலை'ன்னு சொல்லியிருக்கலாமே நீ" என்றாள். "சனிக்கிழமையும் தெய்யாகிட்ட ஸ்கேட்டிங் பண்ணிக் காட்டியிருந்தா, எப்பவோ ஹாக்கியில சேர்த்திருப்பாளே."

ஓக்கோ அவளை நிமிர்ந்து பார்த்தான். இவ்வளவு பெரிய அம்மாவுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று இருந்தது அந்தப் பார்வை.

"நான் விழாம நின்னா, 'நீ மட்டும் ஏன் விழுற?'ன்னு எல்லாரும் உன்னைக் கேப்பாங்கல்ல?"