மரங்கொத்தி டாக்டரின் தூக்க மருந்து

கால் வீக்கத்துக்காகக் காட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த கிழட்டு ஆமைக்கு, வந்த நாளிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லை. டாக்டர் மரங்கொத்தி தூக்க மருந்து கொடுத்தார். ஆமைக்குத் தலை சுற்றியதே தவிர, தூக்கம் நிலைக்கவில்லை. காலையில் தண்ணீர் குடிக்கப் போனபோது தள்ளாடி மல்லாந்து விழுந்தது. முயல்கள் ஓடிவந்து நிமிர்த்திவிட்டன.

"இன்னைக்கு மருந்தைக் கூட்டிடலாம் பெரியவரே," என்றார் மரங்கொத்தி.

ஆமை அவசரமாகத் தலையாட்டி மறுத்தது. "மருந்தே வேண்டாம் டாக்டர். தூங்கிட்டேனான்னு ராத்திரி முழுக்க வந்து வந்து டொக் டொக்குன்னு முதுகுல தட்டிப் பார்க்கிறீங்களே, அதை நிறுத்தினாப் போதும்."

மரங்கொத்தி பரிதாபமாகக் கேட்டார்:

"அப்புறம், மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"