சென்சார் தும்மிட்டான்

“‘கண்ணக் கட்டுனாங்க, நடன்னாங்க, நடந்தேன், செவுத்துல முட்டிகினேன்.’ இதான் சார் எம் பொண்ணு சொன்ன வார்த்தை. நானா ஒண்ணும் கூட்டல, குறைக்கல. இதுக்குப் பேரு பாடமா?”

சுந்தராம்பாள் மகள் கலைமதியின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். நெற்றியில் புடைத்திருந்ததை ஹெச்.எம். திருமலைக்குக் காட்டினாள்.

ஹெச்.எம். அவள் வீட்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் காபி. செல்வலட்சுமி டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை, காபியும் கிடையாது. தற்காலிக டீச்சர்தானே. ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி சுந்தராம்பாள். ஜூனில் அவள் வேண்டாம் என்றால், டீச்சர் திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

“அது ரோபோ கிளாஸ், அக்கா,” என்றாள் டீச்சர். “ஒரு பிள்ளை ரோபோவா நிக்கும். ஒரு பிள்ளை சென்சாரு. செவுரு பக்கத்துல வந்தா ‘தடை’ன்னு சொல்லணும். இன்னொண்ணு கன்ட்ரோலர், போ, திரும்பு, நில்லுன்னு உத்தரவு போடணும். சென்சார் சொல்லாம ரோபோவுக்கு எதுவுமே தெரியாதுல்லா, அதான் கண்ணக் கட்டுதோம்.”

“சென்சாராவது சாம்பாராவது! அப்ப அந்த சென்சார் இன்னா பண்ணிகினு இருந்தான்?”

“மாரிராஜ்தாம்மா சென்சார்,” என்றாள் கலைமதி. “சொல்லத்தான் வாயத் தொறந்தான். தும்மிட்டான்.”

ஹெச்.எம்.முக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுந்தராம்பாள் பார்த்த பார்வையில் அதைக் காபியோடு சேர்த்து விழுங்கினார்.

“ஏன் டீச்சர், தெரியாமத்தான் கேக்கறேன். ரோபோ கிளாஸ்னா ஒரு ரோபோ வேணாமா? நீச்சல் கத்துக்குடுக்கறவ தண்ணியே இல்லாம தரையில புரள வுடுவாளா? எங்க மாடியில வாடகைக்குக் கீறானுங்களே, உங்க ஊர்ப் பசங்க, ஒரகடம் கம்பெனில நெச ரோபோகூட வேலை செய்யறானுங்க. இந்தக் கூத்தைக் கேட்டா சிரிப்பானுங்க.”

“கேட்டேன்க்கா. அவங்கதான் பேரெல்லாம் சொல்லித் தந்தாங்க. பிடிக்கிற கைக்கு கிரிப்பர், திரும்பத் திரும்பச் செஞ்சா லூப்... பேரு தெரிஞ்சிருந்தா, நாளைக்குக் கையில கெடைக்கும்போது பிள்ளைங்க பயப்படாதுல்லா.”

“எப்பக் கெடைக்கும்?”

 டீச்சரின் பார்வை சுந்தராம்பாளின் தோளைத் தாண்டிப் போயிருந்தது.

“நான் பேசினுகீறேன், நீ எங்க பாத்துகினுகீற?”

ஷோகேஸைத்தான். சுந்தராம்பாளுக்குத் தெரியாதா? வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். நிலத்தைக் கம்பெனிக்கு விற்ற கையோடு கட்டிய வீடு. சுவர் முழுக்கத் தேக்கு ஷோகேஸ். பீங்கான் மயில், சிங்கப்பூர்க் கப்பல், பள்ளி விழாவில் சால்வை போர்த்திக்கொண்ட போட்டோ, இன்னும் என்னென்னவோ. கண்ணாடிக் கதவின் சாவி அவள் இடுப்பில். ஒற்றை ரூமில் குடித்தனம் செய்கிறவளுக்கு ஏக்கம் இருக்கத்தானே செய்யும்? போனால் போகிறது, பார்த்துக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் நகர்ந்தும் நின்றாள்.

“இதுக்காவது பதில் சொல்லு. கிளாஸ்ல அத்தினி புள்ளைங்க கீது. தெனமும் எம் பொண்ணேதான் ரோபோவா நிக்கணுமா? அவ இன்னா இளிச்சவாயா?”

டீச்சர் ஹெச்.எம்.மைப் பார்த்தாள். ஹெச்.எம். காபியைப் பார்த்தார்.

“வாய்ல கொழுக்கட்டையா? சார், நாளையிலேர்ந்து ரோபோ கிளாஸ் கெடையாது. மீறி நடந்துச்சினா, டீச்சரும் கெடையாது.”

“சரிங்கம்மா,” என்றார் ஹெச்.எம்., டீச்சர் வாயைத் திறப்பதற்குள்.

“அக்கா, பிள்ளைங்க ஆசையா வருதுங்க. கண்ணு கட்டாம நடத்துதேன். கிளாஸை மட்டும் நிப்பாட்டாதீங்க.”

“முடிஞ்சிது. கெளம்பு.”

“டீச்சர் என்ன நிக்க வெக்கலம்மா,” என்றாள் கலைமதி.

“பின்ன யாரு?”

“பசங்க. டீச்சர் வேற ஆள நிக்கச் சொன்னாலும் வுட மாட்டாங்க. என்னத்தான் புடிச்சித் தள்ளுவாங்க.”

“இன்னாத்துக்குடி?”

கலைமதி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “‘கம்பெனிக்காரங்க நம்ம ஸ்கூலுக்குக் குடுத்த ரோபோவ உங்கம்மாதான வூட்டுல பூட்டி வெச்சிகினுகீறாங்க. அது வர்ற வரிக்கும் நீயே ரோபோவா நில்லு’ன்னு.”

சால்வை போட்டோவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் நின்றது அந்த நீலப் பெட்டி.

‘பசங்க கை பட்டா ஒடைஞ்சிடும்மா, உங்க வீட்ல இருந்தாத்தான் பத்திரம்’ என்று அதைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த ஹெச்.எம்., காலி டம்ளரை வைக்க இடம் தேடினார்.

டீச்சர் இப்போது ஷோகேஸைப் பார்க்கவில்லை.

கலைமதி அம்மாவின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைத் தொட்டாள். அதற்குள் சுந்தராம்பாளின் கை அதை மூடிக்கொண்டது.

“ஒரே ஒரு நாள் குடும்மா,” என்றாள் கலைமதி. “மாரிராஜுக்கு இன்னும் ஜலதோஷம் வுடல.”