பரீட்சைக்கு வந்த ப்ராசஸர்

"அக்கா! யாரைக் கேட்டு இத்தனை டம்ளரை இதுக்குள்ள வச்சீங்க?"

ஸ்பீடு என்கிற அந்த இளைஞன் போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அலுவலகம் என்றால் முதலாளி நீங்கலாக நாலே பேர். புதுச் சமையலறை கட்டப் போகிறவர்களுக்கு, அது எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டுவதுதான் பிழைப்பு. பட்டனைத் தட்டிவிட்டு உட்கார்ந்தால், அசல் போட்டோ மாதிரி ஒரு படம் வெந்து வர முக்கால் மணி நேரம்.

அந்தக் காத்திருப்புதான் ஸ்பீடுக்கு ஆகாது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அடுத்த மாதம் கல்யாணம், எதிலும் அவசரம். பட்டப்பெயர் முதல் வாரமே வந்துவிட்டது.

"புதுத் தலைமுறை ப்ராசஸர் வந்திருக்கு சார். பத்து நிமிஷத்துல முடிச்சுத் தள்ளிடும்" என்று முதலாளியின் காதில் ஓதிக்கொண்டே இருந்தான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். முதலாளியும் நகர்ந்தார். பிடித்தால் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவேன் என்று கடையில் பேசி அந்த ப்ராசஸர் போட்ட ஒரு மெஷினை வரவழைத்தார்.

ஸ்பீடு அட்டைப் பெட்டியைப் பிரிப்பதற்குள் அக்கா குறுக்கே வந்தார்.

"இங்க நான்தானே சீனியர்? நானே பரீட்சை வச்சுப் பாக்குறேன் சார்."

"ஆசை யாரை விட்டுச்சு!" என்று மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஸ்பீடுக்கு வயிறு எரிந்தது.

இப்போது பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. படம் வந்தபாடில்லை. திரையில் இருந்த சமையலறையின் அலமாரி முழுக்கக் கண்ணாடி டம்ளர்கள். போதாததற்குப் பின்னால் ஆளுயர நிலைக்கண்ணாடி.

"ஏன் தம்பி, அழகா இல்ல?" என்றார் அக்கா.

"அழகு கிடக்கட்டும்! கண்ணாடின்னா ஒவ்வொண்ணுக்குள்ளயும் வெளிச்சம் எப்படிப் போகுது, எப்படி வருதுன்னு மெஷின் கணக்குப் போடணும். எந்த ப்ராசஸர் தாங்கும்? பழைய மெஷினுக்கு மட்டும் காலி அலமாரியைக் கொடுத்தீங்க, இதுக்கு டம்ளர் கடையையே கொடுத்திருக்கீங்க!"

"அப்படியா? எனக்கு இதெல்லாம் எங்கப்பா தெரியுது" என்று அக்கா கொட்டாவி விட்டார்.

முதலாளி வந்து நேரம் பார்த்தார். பழையதும் முக்கால் மணி, புதியதும் முக்கால் மணி.

"இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

ஸ்பீடுக்குப் பொறுக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! இன்றைக்கு இந்த அக்காவைப் போட்டுக் கொடுத்தே தீருவது என்று முதலாளி அறைக்குள் நுழைந்தான்.

"சார், அந்த மெஷினைத் திருப்பி அனுப்பிடாதீங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"உக்காருப்பா. முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "உன் பேச்சைக் கேட்டு நானும் ஒரு கணக்குப் போட்டேன். பத்து நிமிஷத்துல படம் வந்துட்டா நாலு பேர் எதுக்கு? ரெண்டு பேர் போதுமே! கடைசியாச் சேர்ந்த உங்க ரெண்டு பேரையும் நிறுத்திடலாம்னு நினைச்சேன். அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

ஸ்பீடு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

"அவ்வளவுதான், பரீட்சையை நானேதான் வைப்பேன்னு அவங்க ஒத்தக் கால்ல நின்னுட்டாங்க. கம்பெனி மேல என்ன ஒரு அக்கறை, பாரேன்!"

இத்தனை நாளாகத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது ஸ்பீடுக்கு அப்போதுதான் உறைத்தது. வரப்போகிற மாமனாரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. வெளியே அக்கா இன்னமும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் காலில் விழலாம் போலிருந்தது.

"சரி, நீ என்னமோ சொல்ல வந்தியே? அந்தப் புது ப்ராசஸர் நிஜமாவே வேகமா? வாங்கலாங்கிறியா?"

"சேச்சே! அதெல்லாம் வெறும் விளம்பரம். பழசு மாதிரி வருமா சார்!"