இன்று காலை பறித்தது

மெனு அட்டையில் அந்த வரி அப்படியே இருந்தது.

அழித்திருப்பார்கள் என்று நம்பித்தான் அவன் வந்தான்.

எதிரே அவன் மனைவி. பெட்டியின் அடியில் கிடந்த பட்டுப்புடவையை இன்றைக்குத்தான் எடுத்துக் கட்டியிருந்தாள்.

"உங்க பண்ணை பேரு இதுல எதுங்க?"

விரல் வைத்துக் காட்டினான். பண்ணையின் பெயர். பக்கத்தில், பாலைவனத்தில் விளைந்த தக்காளி, இன்று காலை பறித்தது.

பண்ணையைப் பூட்டி இருபத்தொன்பது நாள் ஆகிறது.

கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது. பசுமைக்குடிலுக்குள் செடிகள் நின்றபடியே கருகின. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். விசா முடிவதற்குள் வேலை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஊர்.

மூன்றாம் நாள், முன்பே எடுத்திருந்த டிக்கெட்டில், சில வாரம் தங்கிப் போக அவள் வந்து இறங்கினாள். வாழ்க்கையில் முதல் விமானம். முகமெல்லாம் சிரிப்பு.

எப்படிச் சொல்வான்?

தினமும் விடிந்ததும் வேலைக்குப் போகிறவன் போலக் கிளம்பினான். பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினான். மற்ற நேரமெல்லாம் குளிரூட்டிய பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். எப்படியோ இருபத்தாறு நாள் மறைத்துவிட்டான்.

நாளைக் காலை அவளுக்கு விமானம். இந்த ஒரு மத்தியானம் தாண்டினால் போதும்.

இந்த ஓட்டலுக்கு வர நேர்ந்ததும் அவனால்தான். போன வருடம் இதே அட்டையைப் படம் பிடித்து, 'எங்க தக்காளி' என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். ஊருக்குப் போகுமுன் அந்தத் தக்காளியை ஒரு வாய் தின்றே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய்த் தக்காளி பறிக்கிறவள். பழத்தைத் தொட்டாலே பறித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுவாள்.

தட்டு வந்தது. காம்போடு நாலு தக்காளி, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் உப்பு.

"இன்னிக்குக் காலைல பறிச்சது அக்கா," என்றான் பரிமாறுகிறவன். தென்காசிக்காரன். மனப்பாடமாக வந்தது.

அவன் அவள் கையையே பார்த்தான்.

ஒன்றைப் பிய்த்தாள். காம்பை மூக்கருகே கொண்டுபோனாள்.

சாமி, இன்றைக்கு மட்டும்.

கடித்தாள். மென்றாள்.

"நல்லா இருக்குங்க."

அப்பாடா!

தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். எங்கேயோ குளிரில் நாள்கணக்காகக் கிடந்த பழம். சப்பென்று இருந்தது. தேனைப் போலத் தின்றான்.

அவள் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்த நாள்லருந்து உங்க சட்டைய நான்தான அலசுறேன்," என்றாள். குரல் உயரவில்லை. "மண்ணுதான் போகுது. ஒரு நாளாச்சும் செடிக்கறைய நான் பாக்கலியேங்க."

மண்ணை அவனேதான் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் அள்ளித் தேய்த்துக்கொண்டு வருவான். தக்காளிச் செடிக்குள் நாளெல்லாம் நின்றவன் சட்டையில் பச்சைக் கறை ஏறாமல் இருக்காது. அது அவனுக்குத் தெரியாததா? பாவி, அதைப் போய் மறந்திருந்தான்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நாளைக்கு ஃபிளைட்டும் வந்துருச்சு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"நான் மட்டும் போறனா, ரெண்டு பேருமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் பரிமாறுகிறவன் வந்து நின்றான். எல்லாம் பிடித்திருந்ததா என்று கேட்டான்.

"நல்லா இருந்துச்சு தம்பி," என்றாள் அவள், கண்ணைக் கணவன் மேலிருந்து எடுக்காமலே.