சுண்டுவிரல் அகலம்

ரப்பர் வளையத்தைக் காணவில்லை.

அவன் கையில் இரண்டு லேசர் விளக்குகள். இரண்டும் ஒரே நீளம், ஒரே கறுப்பு உடம்பு. ஆயுத பூஜைக்காக ஆய்வகத்தைத் துடைத்த புண்ணியவான் யாரோ, அவன் அடையாளத்துக்கு மாட்டி வைத்திருந்த வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டுக்கும் பாரபட்சமில்லாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்.

வளையம் போட்டது பச்சை. போடாதது சிவப்பு.

வளையம் இல்லையென்றால் அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். எரிய விட்டாலும் ஒன்றுதான்.

ஜன்னல்களுக்குத் திரை போட்டாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பூஜைக்குப் போட்ட கோலம் கலையக் கூடாதென்று எல்லாருடைய காலணியும் வாசலில் கிடந்தது. அவனும் ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடுதான் நின்றான். உள்ளே நுழைந்தபோதே முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

கடைசி வரிசையில் பள்ளித் தாளாளர் அம்மா.

அவர்தான் வாசலிலேயே அவனை நிறுத்தி, மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே விட்டவர். இந்த வகுப்பை அவர் பார்த்துத் திருப்தியானால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மார்ச் மாதத்தோடு கும்பிடு.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானா தாழி உடைய வேண்டும்.

ரயில் ஓட்ட ஆசைப்பட்டவன் அவன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். மருத்துவப் பரிசோதனையில் புள்ளிப் புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். அவனுக்குப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணை நம்பி யார் ரயிலைக் கொடுப்பார்கள். அது நியாயம் என்று அவனே ஒப்புக்கொண்டு வீடு திரும்பினான்.

அதன் பிறகு அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒளியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவனுக்கு நிறம் தெரியாது என்று வெளியே தெரிந்தால், ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

பொதுவாக அவனுக்குப் பயமில்லை. வளையம் தவறினால் மாணவிகள் இருக்கிறார்கள். விளக்கு எரிந்ததும் "பச்சை சார்" என்று கத்திவிடுவார்கள். இவனும் தெரிந்தவன்போலத் தலையாட்டிக்கொள்வான்.

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"பிள்ளைங்களா, யாரும் வாயத் தொறக்கக் கூடாது. என்ன நிறம்னு சார் சொல்லட்டும்."

மாணவிகள் உதட்டில் விரல் வைத்துக்கொண்டார்கள்.

அவன் கைக்கு வந்த விளக்கைத் தாங்கியில் பொருத்தினான். இரண்டு மெல்லிய கீறல்கள் கொண்ட இரட்டைப் பிளவுத் தகட்டை அதன் முன்னால் நிறுத்தினான். எரிய விட்டான்.

எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுந்தது. ஒரு வெளிச்சப் பொட்டு, ஓர் இருட்டு, மறுபடி வெளிச்சம். வரிசையாக, கோடு போட்டதுபோல.

என்ன நிறம்?

வழக்கம்போல, அவனுக்கு மட்டும் தெரிந்த அந்த மங்கிய மஞ்சள்.

அவன் சுவரை நோக்கி நடந்தான். இந்த மேசையையும் சுவரையும் அவன் ஒரு நாளும் நகர்த்தியதில்லை. இந்தப் பிளவையும் மாற்றியதில்லை. மாறக்கூடியது ஒன்றே ஒன்று. அலைநீளம்.

சுண்டுவிரலை நீட்டி, அதன் ஓரத்தை ஒரு பொட்டின் நடுவில் வைத்தான். அடுத்த பொட்டு விரலுக்குள்ளேயே வந்து, நகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

சிவப்பாக இருந்திருந்தால் இரண்டு பொட்டுகளுக்கு நடுவில் விரல் முழுதாக அடங்கியிருக்கும்.

அவன் திரும்பினான்.

"பச்சை."

யாரோ மூச்சு விட்டார்கள். யாருடையது என்று தெரியவில்லை. அவனுடையதாகக்கூட இருக்கலாம்.

விளக்கை மாற்றினான். பொட்டுகள் விலகி நின்றன. இப்போது விரல் கச்சிதமாக அடங்கியது.

"இது சிவப்பு. அலைநீளம் கூடுதல். அதனால பொட்டுகளுக்கு நடுவுல எடமும் கூடுதல். கண்ண நம்ப வேண்டாம். ஆளுக்கு ஆள் கண்ணு மாறும். இந்த எடைவெளி யாருக்கும் மாறாது."

இதைச் சொல்லும்போது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ரயிலே கிடைத்ததுபோல இருந்தது. மாணவிகளை ஒவ்வொருவராக எழுப்பி, சுவரில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னான். நிலோஃபர் என்ற நெட்டைப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரில் அவன் பென்சிலால் அழுத்திக் கீறியிருந்த இரண்டு கோடுகளைத் தடவியே இது சிவப்பு என்றாள். வகுப்பு கைதட்டியது.

மணி அடித்தது. திரைகளை விலக்கினார்கள். வெயில் உள்ளே வந்து கோலத்தின் மேல் விழுந்தது.

மாணவிகள் போகும்வரை தாளாளர் அம்மா காத்திருந்தார். பிறகு எழுந்து வந்து, சுவரில் இருந்த பென்சில் கோடுகளுக்கு நடுவில் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"பாடம் நல்லா இருந்துச்சு சார். நாளைக்கு ஆபீஸ்ல ஆர்டர வாங்கிக்கங்க."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வரும்போது ரெண்டு கால்லயும் ஒரே நிறத்துல சாக்ஸ் போட்டுட்டு வாங்க."

அவன் குனிந்து பார்த்தான்.

இரண்டும் ஒரே நிறமாகத்தான் இருந்தன.