அழுத்த மறந்த பொத்தான்

சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டம். தாடிக்காரரும் கண்ணாடிக்காரரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. தாடிக்காரர் குதிரையை நகர்த்தினார். ஆனால் யோசனையில் கடிகாரப் பொத்தானை அழுத்த மறந்துவிட்டார். அழுத்தினால்தான் எதிராளியின் நேரம் ஓடும். இப்போது கரைந்துகொண்டிருந்தது அவருடைய நேரமேதான்.

பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு பெண் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள்.

"ஐயையோ, மறந்துட்டாரே!" என்று கிசுகிசுத்தாள் பக்கத்து இருக்கை அம்மாள். "ஆடுறது உங்க வீட்டுக்காரரா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"லேசா இருமிக் காட்டுங்களேன்."

"நாம சாடை காட்டக் கூடாதுங்க. வெளியே அனுப்பிடுவாங்க."

"அந்தக் கண்ணாடிக்காரரைப் பாருங்க! கடிகாரத்தைப் பாத்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கார். சரியான கல்லுளிமங்கன்!"

அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள். "சொல்லிடுங்க... சொல்லிடுங்க..." என்று உதடு முணுமுணுத்தது.

"போச்சு, கடைசி நிமிஷம்!"

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். அவர் பார்வை கூட்டத்தில் ஒருமுறை அலைந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, கடிகாரத்தை விரலால் சுட்டிக்காட்டினார். தாடிக்காரர் பதறிப்போய் பொத்தானை அழுத்தினார். அடுத்த சில நகர்த்தல்களில் கண்ணாடிக்காரரின் ராஜா மாட்டிக்கொண்டது. எழுந்து கைகொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"அப்பாடா! உங்க வீட்டுக்காரர் ஜெயிச்சுட்டார்!"

"இல்லீங்க, நல்லவேளை, தோத்துட்டார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் அவள். "அந்தக் கல்லுளிமங்கன்தான் என் வீட்டுக்காரர்."